கேக் அறைக்கு மேலே ஒரு தார்ப்பாய்

“ஈஸ்டர் கழிந்த முதல் ஞாயிறு. ராயபுரம். பகல் முழுவதும் மேற்கிலிருந்து அனலாக மேல்காற்று. கடல் காற்று மாலை வரை எட்டிப் பார்க்கவில்லை. அத்தை வீட்டில் சாப்பாடு, இறால் தொக்கு. மாமா ஏசிக்குச் சட்டை தைத்து மாட்டியிருக்கிறார்.”

என் நாட்குறிப்பில் உள்ள இந்த வரிகளைப் படிக்கும்போதெல்லாம் இறால் தொக்கின் காரம் முதலில் நினைவுக்கு வரும், மாமா அதற்குப் பிறகுதான். துறைமுகத்தில் சரக்கு அனுமதி முகவர் ஒருவரின் அலுவலகத்தில் நான் வேலை பார்த்தேன். எந்தக் கப்பல் எந்த வேளையில் வந்தது, அன்று காற்று எந்தத் திசை, மழை உண்டா என்று எழுதிவைப்பது அங்கே வேலையின் பகுதி. வேலையை விட்ட பிறகும் பழக்கம் விடவில்லை. அலுவலக விஷயங்களை ஆங்கிலத் தேதியிட்டு எழுதுவேன்; ராயபுரத்து விஷயங்களைக் கோயில் நாள்காட்டியின்படி எழுதுவேன். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களும் சண்டைகளும் சமாதானங்களும் தவக்காலத்துக்கு முன், ஈஸ்டருக்குப் பின் என்றுதான் பேசப்படுகின்றன.

அத்தை என் அப்பாவின் தங்கை. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் உள்ள எங்கள் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கல்யாண கேக் செய்து கொடுப்பவர். மாமா காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் படகு எஞ்சின் மெக்கானிக்காக இருந்தவர். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஸ்குரூ டிரைவரின் முனையை எஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கேட்பார். கேட்டுவிட்டு, “இன்னும் ஒரு தபா கடலுக்குப் போவும், அப்பால போவாது” என்பார். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். அவரைப் பற்றித்தான் இங்கே எழுத வந்தேன். ஆனால் அத்தையையும் அந்த ஏசியையும் விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுத முடியாது.

ஏசி அந்த வீட்டுக்கு வந்த காரணத்தைச் சொல்ல வேண்டும். தவக்காலத்தில் எங்கள் பக்கம் கல்யாணம் வைப்பதில்லை. ஆகவே ஈஸ்டர் முடிந்ததும், கட்டிவைத்த மடையைத் திறந்ததுபோல, வாரத்துக்கு வாரம் கல்யாணம். பள்ளிக்கூடங்களும் விடுமுறை. ஆண்டின் மிகப் புழுக்கமான நாட்களில்தான் அத்தைக்கு வேலை நெருக்கும். முன்பெல்லாம் இது ஒரு தொல்லையாக இருந்ததில்லை. அவர் பூசிவந்த பழைய காலத்துச் சர்க்கரை ஐசிங் காய்ந்துவிட்டால் சுண்ணாம்புச் சுவர்தான். கரண்டியால் தட்டினால் சத்தம் கேட்கும். வெயிலில் ரிக்‌ஷாவில் வைத்து வண்ணாரப்பேட்டை வரை கொண்டுபோனாலும் ஒரு பூ இதழ் அசையாது. பிறகு பெண்பிள்ளைகள் கைப்பேசியில் படங்களைக் காட்டி, வெண்ணெய் கிரீம் பூசிய கேக் கேட்க ஆரம்பித்தார்கள். வாயில் வைத்தால் கரையும் அது, எங்கள் ஊர் சித்திரையில் வைத்த இடத்திலேயே கரையும். அந்த ஒரே காரணத்துக்காக, தன் பழைய பட்டறைச் சாமான்களை விற்று மாமா ஏசி வாங்கி, கேக் அறையில் மாட்டினார். அவர்கள் படுக்கும் அறையில் மின்விசிறிதான். “கேக்கு குளுகுளுன்னு தூங்குது, நாம வேத்து வழியறோம்” என்று அத்தை சொல்லும்போது மாமாவுக்குப் பெருமை தாங்காது.

அந்த ஏசியின் வெளிப்பெட்டி மொட்டை மாடியில் இருந்தது. கடலுக்கு இரண்டு தெரு உள்ளே இருக்கும் வீடு அது. ஜன்னல் கம்பியை விரலால் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கும். பக்கத்து வீடுகளின் வெளிப்பெட்டிகள் சில ஆண்டுகளிலேயே அப்பளம்போல் உதிர்ந்து விழுந்ததை மாமா பார்த்திருந்தார். படகு கரைக்கு வந்ததும் எஞ்சினை நல்ல தண்ணீரால் கழுவி, எண்ணெய்த் துணியால் துடைத்து, தார்ப்பாய் போர்த்திக் கட்டுவது அவர்களுடைய வழக்கம். அதைச் செய்யாதவனோடு மாமா பேசமாட்டார். “உப்பு திருடன் மாதிரி. தொறந்துகிற வூட்டத்தான் தேடி வருவான்” என்பது அவர் அடிக்கடி சொல்வது. ஆகவே நீலத் தார்ப்பாயை வெட்டி, மீன்வலை தைக்கும் ஊசியால் தானே தைத்து, வெளிப்பெட்டிக்கு அளவெடுத்தாற்போல ஓர் உறை போட்டார். மேல்புறமும் பக்கவாட்டும் பின்புறமும் மூடியிருந்தன. முன்னால் சூடான காற்று வெளியே வரும் விசிறிக்கு மட்டும் வட்டமாக ஒரு ஜன்னல். அந்த வட்டத்தின் விளிம்பைக்கூட மடித்துத் தைத்திருந்தார். உறைக்கு உள்ளே, பெட்டியின் பின்புறத்து மெல்லிய தகடுகளில் எஞ்சின் எண்ணெயையும் தடவியிருந்தார். இதைத்தான் நான் சட்டை என்று குறித்துவைத்தேன். குறிப்பு எழுதும்போது எனக்கும் அது அழகான வேலையாகத்தான் பட்டது.

அந்த ஈஸ்டர் கழிந்த முதல் கல்யாணத்துக்கு அத்தை செய்த கேக் சாய்ந்துவிட்டது. மண்டபத்தில் விளக்கு வெளிச்சத்தில், மணமக்கள் உள்ளே வருவதற்கு முன்பே, மேல் அடுக்கு மெதுவாக நகர்ந்து ஒரு பக்கமாகத் தலை சாய்த்தது. அத்தை ஒரு கரண்டியை முட்டுக்கொடுத்து, மேலே ரோஜாப் பூவை வைத்து மறைத்தார். யாரும் குறை சொல்லவில்லை. இரண்டு பேர் சிரித்தார்கள், அதுவும் கேலியாக இல்லை. அத்தை அன்று விருந்தில் சாப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து சேலையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்தார். “வூட்லயே கிரீமு சரியா இறுகல. எனக்குத் தெரியும். தெரிஞ்சே எடுத்துகினு போனேன். இன்னொன்னு சாஞ்சுதுன்னா தட்டு, டின்னு எல்லாத்தையும் கழுவி பரண் மேல ஏத்திடுவேன். அப்பால யாரும் என்கிட்ட கேக்கு கேக்கக் கூடாது.”

அத்தை சொன்னால் செய்வார். ஒருமுறை கோயில் பாடகர் குழுவில் ஒரு வார்த்தை பொறுக்காமல் விலகினார். பிறகு எந்தச் சாமியார் கூப்பிட்டும் போகவில்லை. அடுத்த கேக்கோ ஒரு சாதாரண கேக் அல்ல. மணப்பெண்ணின் அம்மாவுடைய கல்யாணத்துக்கும் அத்தைதான் கேக் செய்தார். அம்மாவுக்குச் செய்த கையால் மகளுக்கும் செய்வதை அவர் ஒரு வேண்டுதல் மாதிரி எடுத்துக்கொண்டிருந்தார். மூன்று அடுக்கு, முழுவதும் வெண்ணெய் கிரீம். கல்யாணம் சனிக்கிழமை.

அந்த வாரம் முழுவதும் நான் அந்த வீட்டில்தான் இருந்தேன். ஏசி ஓடிக்கொண்டே இருந்தது. அறை மட்டும் குளிரவில்லை. ரிமோட்டில் உள்ளதிலேயே சிறிய எண்ணை மாமா வைத்துவிட்டார். எண்ணைக் குறைத்தால் குளிர் வேகமாக வரும் என்று நம் வீடுகளில் எல்லாரும் நம்புகிறோம். மெதுவாக ஓடும் மாட்டைப் பார்த்து ஊரின் தூரத்தை மாற்றிச் சொல்வது மாதிரிதான் அது. மாடு அதே நடைதான் நடக்கும், நிற்காமல் நடக்கும், அவ்வளவுதான். கூடத்தில் இருந்த மின்சார மீட்டரின் சிறிய சிவப்பு விளக்கு, ஏசி ஓடும்போது படபடவென்று கண் சிமிட்டியது. நான் அதன் முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, “இன்னா மருமவனே, நாடி புடிச்சுப் பாக்கிறியா? பொழைக்குமா?” என்று மாமா கேட்டார். பிழைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. காய்ச்சல் மட்டும் நிச்சயம் என்று சொன்னேன்.

புதன்கிழமை, கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் எம்.கே.பி. நகரிலிருந்து ஏசி சர்வீஸ் ஆள் வந்தார். கோடையில் அவர்களைப் பிடிப்பது கல்யாணத்துக்குச் சமையல்காரரைப் பிடிப்பதைவிடக் கடினம். அவர் வந்ததே அத்தையின் அதிர்ஷ்டம். அறைக்குள் இருந்த பெட்டியைத் திறந்து, வலைத் தட்டியை உருவினார். அது சாம்பல் நிறக் கம்பளிபோல இருந்தது. துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் கிளப்பும் தூசியும், அத்தை சலிக்கும் ஐசிங் சர்க்கரையும் சேர்ந்து அதில் அப்பியிருந்தன. கழுவி மாட்டினார். காற்று கொஞ்சம் பலமாக வந்தது, ஆனால் குளிர் கூடவில்லை. “கேஸு போயிருக்கும்க்கா” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, மாடிக்கு இரும்பு ஏணியில் ஏறினார். நானும் மாமாவும் பின்னால் ஏறினோம்.

நீல உறையைப் பார்த்ததும் அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

“இன்னா நைனா, ஏசிக்கு ரெயின்கோட்டு மாட்டிகினு கீறீங்க? ஸ்கூலுக்கா அனுப்பப் போறீங்க?”

மாமாவின் முகம் மாறியது. “உப்புக் காத்து இன்னான்னு தெரியுமாடா உனுக்கு? எம்.கே.பி. நகர்ல குந்திகினு இருக்கிறவனுக்குக் கடலப் பத்தி இன்னா தெரியும்?”

“கடலு தெரியாது நைனா, ஏசி தெரியும். கேஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. இத்தக் கழட்டிட்டுப் பாரு.”

“தொட்டுப் பாரு. கை இருக்காது.”

“ஐயோ, கை வேணும் நைனா. இன்னும் நாலு வூடு கீது எனுக்கு.” அவர் சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டார். எதை மூடினாலும் கடலோரத்தில் தகடு போகத்தான் போகும், போனதும் புதிது வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று ஏணியில் நின்றபடி சொன்னார். ஆயுள் முழுக்க இரும்பை உப்பிடமிருந்து காப்பாற்றிய மனிதரிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது. கீழே அத்தை கொடுத்த டீயைக் குடிக்கும்போது மட்டும் அவர் குரலைத் தாழ்த்தினார். “அக்கா, அது மூச்சு வுட முடியாம தவிக்குது. சொல்றத சொல்லிட்டேன்.” அத்தை தலையை ஆட்டிக்கொண்டார். மாமாவிடம் அன்று ஒன்றும் சொல்லவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு நான் இதைப்பற்றிக் கொஞ்சம் படித்தேன். இரண்டு மெக்கானிக்குகளிடமும் விசாரித்தேன். அறையில் உள்ள வெப்பத்தை அள்ளிக்கொண்டுபோய் மொட்டை மாடியில் கொட்டுவதுதான் ஏசியின் வேலை. கொட்டும் இடம் எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அது முக்கி முனக வேண்டும். ஆகவேதான் மேல்காற்று அடிக்கும் நாளில் ஒரே ஏசி அதிக மின்சாரம் குடித்துக் குறைவாகக் குளிரூட்டுகிறது. கடல் காற்று வந்ததும் அதுவே நல்ல பிள்ளையாகிவிடுகிறது. எங்கள் கடலோரத்தில் இன்னொரு சுமையும் உண்டு. காற்றில் உள்ள ஈரத்தைப் பிழிந்து எடுப்பதற்கே அதன் உழைப்பில் ஒரு பங்கு போய்விடும். கதவைத் திறந்து திறந்து மூடினால் புது ஈரம் உள்ளே வரும், மறுபடியும் பிழிய வேண்டும். அத்தையின் கேக் அறையில் அடுப்பு வேறு இருந்தது. ஒரு மூலையில் கேக் வேகும், மறுமூலையில் கிரீம் இறுக வேண்டும். ஒரே அறையில் சித்திரையையும் மார்கழியையும் குடிவைத்திருந்தோம். இவ்வளவுக்கும் மேலே மாமாவின் தார்ப்பாய். பெட்டி முன்பக்கமாகத்தான் காற்றை ஊதும்; பின்புறமும் பக்கவாட்டும்தான் அது காற்றை இழுக்கும் வழி. மாமா மூடியது அந்த வழியை. எண்ணெய் தடவிய தகடுகளில் தூசி படிந்து களிம்பாகியிருந்தது.

எஞ்சினைக் காதால் கேட்டே நோய் சொல்லும் மனிதருக்கு இது எப்படித் தெரியாமல் போனது என்று பலநாள் யோசித்திருக்கிறேன். அவர் பார்த்து வளர்ந்த எஞ்சின்கள் கடல் தண்ணீரால் சூடு தணிபவை. அவருக்குத் தண்ணீர்தான் எஞ்சினைக் காப்பது. காற்று என்பது உப்பைச் சுமந்துகொண்டு வரும் எதிரி. எதிரிக்குக் கதவைச் சாத்தினார். காசிமேட்டுக்காரர் அல்லாத யாரும் இவ்வளவு கவனமாக, இவ்வளவு அழகாக இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே மரத்தில் இலை அசையவில்லை. மாமா கைமுழுக்க வெள்ளையாகச் சர்க்கரை சலித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அத்தை முதல் அடுக்குக்குக் கிரீம் பூசிக்கொண்டிருந்தார். நண்பகல் தாண்டிய வேளையில் மாடியிலிருந்து ஒரு செருமல் சத்தம் கேட்டது. பிறகு ஏசி வெறும் காற்றைத்தான் ஊதியது. சூடு தாங்காமல் மேலே இருந்த கம்பிரசர் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருந்தது. அத்தை கத்தியைக் கீழே வைத்தார். பூசிய கிரீமின் விளிம்பு, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பளபளக்க ஆரம்பித்தது.

“சேசுவே” என்றார் அத்தை.

மாமா தன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். சிறிது நேரத்தில் தெருவில் மணிச் சத்தம். எட்டிப் பார்த்தால், அவருடைய தோஸ்து ஒருவர் ஓட்டிவர, மீன் ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் கோணி சுற்றிய பனிக்கட்டிப் பாளங்கள். தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு பாளத்தைத் தோளில் சுமந்து மாமா படியேறினார். கடல்கடந்து கப்பலில் பனிக்கட்டி வந்து சென்னையில் இறங்கிய காலத்தைப் பற்றி நான் ஆசையோடு படித்திருக்கிறேன். ராயபுரத்துக் கல்யாண கேக்குக்கு மீன்பாடி வண்டியில் பனிக்கட்டி வந்ததை எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

அத்தை வாசலை மறித்துக்கொண்டு நின்றார். “எங்கேர்ந்து எடுத்தாந்த?”

“இன்னாத்துக்குக் கேக்குற? ரூமுல நாலு மூலைக்கும் வச்சா ஜில்லுனு ஆயிடும்.”

“பொண்ணு மாப்பிள கேக்கு வெட்டசொல்ல வஞ்சிரம் வாசன வரணுமா? அது உருகி ரூமு பூரா ஈரம் ஆவும். என் கிரீமு ஏற்கெனவே அழுவுது, நீ வேற கூட சேந்து அழுவ வைக்கிறியா?”

“அப்ப இன்னாதான் பண்ணச் சொல்ற?” மாமாவின் தோளிலிருந்து தண்ணீர் படிகளில் ஓடியது. தெருவில் இருந்த தோஸ்து, “இன்னா மாமு, எறக்கலாமா வாணாமா? கட்டி கரைஞ்சு வெறும் கோணிதான் மிஞ்சப் போவுது” என்று குரல் கொடுத்தார்.

அத்தை அப்போதுதான் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. “யோவ், இத்தினி வருசமா எஞ்சினு கூடத்தான குடும்பம் நடத்தின. போட்டு எஞ்சினு எத்தால சூடு தணியுது?”

“கடல் தண்ணியால. இது இன்னா கேள்வி?”

“அந்தத் தண்ணி உள்ள வர்ற குழாயில கோணிய வச்சு அடைச்சா?”

“போச்சு. எஞ்சினு புடிச்சுக்கும்.”

“மேல கீறதுக்குத் தண்ணிக் குழா ஏது? அதுக்குக் காத்துதான தண்ணி. நீ வாயத் தொறந்து வுட்டுட்டு மூக்க அடைச்சு வச்சிகினு கீற.”

மாமா பனிக்கட்டியைத் தோளிலிருந்து இறக்காமல் அப்படியே நின்றார். எஞ்சினைக் காதால் கேட்கும்போது அவர் ஒரு கண்ணை மூடுவார் என்று சொன்னேன். அப்போதும் ஒரு கண் மூடியது. பிறகு திரும்பிப் படியிறங்கி, பாளத்தை வண்டியிலேயே வைத்தார். வண்டி போய்விட்டது. அவர் கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டார். அந்த உறையைத் தைத்த நாட்களில், ஒவ்வொரு தையலுக்கும் அவர் ஊசியை மெழுகில் தேய்த்ததை நான் பார்த்திருந்தேன். மனைவிக்கென்று வாங்கிய ஒரே பெரிய பொருளைக் காப்பாற்றச் செய்த காரியம்தான் அவளுடைய கேக்கைச் சாய்த்தது என்று கேட்க நேர்ந்தவரிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. நல்லவேளையாக அத்தை என்னை வெளியே அனுப்பினார். அடுக்குகளுக்கு இடையில் நிறுத்தும் தூண்களில் ஒன்று விரிசல் விட்டிருந்தது. பாரிமுனையில் ஒரு கடையில்தான் அது கிடைக்கும்.

நான் திரும்பி வரும்போது கடல் காற்று வந்துவிட்டிருந்தது. தெருவில் துணிகள் படபடத்தன. படியில் மாமா இல்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் பழக்கத்தால் மீட்டரைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு நிதானமாகக் கண் சிமிட்டியது, இடையிடையே ஓய்ந்தது. கேக் அறைக் கதவைத் திறந்தபோது முகத்தில் அறைந்த குளிரை இன்றும் என்னால் நினைத்துக்கொள்ள முடிகிறது. அடுப்பு அணைந்திருந்தது. அத்தை இரண்டாம் அடுக்கின் ஓரத்தில் ரோஜா பிழிந்துகொண்டிருந்தார். இதழ்கள் விளிம்பு மடங்காமல் நின்றன. “கதவ சாத்துடா” என்றார். மாமா பக்கத்தில் நின்று தட்டைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

மாடிக்கு ஏறிப் பார்த்தேன். வெளிப்பெட்டி உறையில்லாமல் நின்றது. பின்புறத் தகடுகள் சோப்புத் தண்ணீரால் கழுவப்பட்டு ஈரமாக இருந்தன. கீழே வந்து, “தார்ப்பாய் எங்க மாமா?” என்று கேட்டேன்.

“காத்துல பறந்துட்சி” என்றார், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அத்தை ஒரு ரோஜாவை முடித்துவிட்டு அடுத்த ரோஜாவை ஆரம்பித்தார்.

சனிக்கிழமை கேக் நின்றது. மண்டபத்தில் ஏசியைப் போட்டுவிட்டு, இசைக்குழுவுக்காக எல்லாக் கதவுகளையும் திறந்துவைத்திருந்தார்கள். மாமா ஒவ்வொரு கதவாகப் போய்ச் சாத்திவிட்டு வந்தார். நான் பார்த்தவரை விருந்து முழுவதும் அவர் கேக் மேசையை விட்டு நகரவில்லை. குனிந்து அதன் அடியைப் பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார். காதை வைத்துக் கேட்கவில்லை, அது ஒன்றுதான் குறை. பெண்ணின் அம்மா கேக் வெட்டப்பட்டதும் அத்தையைக் கட்டிக்கொண்டார். “ஆன்ட்டி, என் கல்யாணத்துல கத்தி உள்ளயே போவல, உங்க வூட்டுக்காரரு வந்து கை குடுத்தாரு, ஞாபகம் கீதா? இது வெண்ண மாதிரி போவுது!” என்றார். வெண்ணெய்தானே என்று மாமா முணுமுணுத்தார். அத்தை அன்று பிரியாணி இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தட்டுகளும் டின்களும் பரணுக்குப் போகவில்லை.

திங்கட்கிழமை மாமா வேலையை ஆரம்பித்தார். படகில் வெயிலுக்குப் பாய் இழுத்துக் கட்டுவதுபோல, வெளிப்பெட்டிக்கு நன்றாக மேலே, நாலு பக்கமும் காற்று புகுந்து போகும்படி ஒரு பந்தல் போட்டார். மேற்கு வெயில் பெட்டி மேல் விழவில்லை, காற்றும் தடைபடவில்லை. எண்ணெய் தடவுவதை விட்டார். நல்ல தண்ணீரால் தகடுகளைக் கழுவுவதை மட்டும், ஏசியை அணைத்துவிட்டு, சனிக்கிழமைதோறும் செய்தார். அந்தப் பழக்கத்தில் அவர் சரியாகவே இருந்தார் என்று பிறகு அந்த எம்.கே.பி. நகர் ஆளே ஒப்புக்கொண்டார். “நைனா, உப்பு புடிக்காம வச்சிகினு கீறியே, எங்க ஆளுங்களுக்கு நீ வந்து கிளாஸ் எடு” என்றார். மாமா அவருக்குத் தன் கையாலேயே டீ கொண்டுவந்து கொடுத்தார். அடுப்பு பின்கட்டுக்குப் போனது. ரிமோட்டில் எண் நடுவாந்தரத்துக்கு ஏறியது. கூடவே மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. அடுத்த முறை மீட்டர் கணக்கெடுக்க வந்தபோது ஓட்டம் குறைந்திருந்தது. எதனால் எவ்வளவு குறைந்தது என்று பிரித்துச் சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றிவிட்டோம். அந்த வாரத்திலிருந்து கடல் காற்றும் நேரத்துக்கு வந்தது. காற்றுக்கு உரியதை மாமாவுக்கோ மாமாவுக்கு உரியதைக் காற்றுக்கோ நான் எழுதிவைக்க விரும்பவில்லை.

மாமா போன ஆண்டு மழைக்கு முன் காலமானார். அத்தை இப்போதும் கேக் செய்கிறார். அந்த வெளிப்பெட்டி அதே இடத்தில் இருக்கிறது. பக்கத்து வீடுகளில் இதற்குள் புதிது மாற்றிவிட்டார்கள். சனிக்கிழமைக் கழுவல் இப்போது என் வேலை.

ஒன்று மட்டும் பாக்கி. பந்தல் போட்ட அந்தத் திங்கட்கிழமை, கட்டுவதற்குத் துணி தேடியபோது, பறந்துபோன தார்ப்பாய் அவர்களுடைய கட்டிலுக்கு அடியில் கிடைத்தது. சதுரமாக மடித்து, கயிற்றை வளையமாகச் சுற்றி மேலே வைத்திருந்தது. படகுக்காரர்கள் மடிக்கும் மடிப்பு அது. கடல் காற்றுக்கு அந்த மடிப்பு தெரியாது. ஆகவே மாமாதான் என்று முடிவு கட்டியிருப்பேன். ஆனால் விரித்தபோது ஓரத்தில், முடிச்சு இருந்த இடத்தில், வெள்ளையாக விரல் பதிவுகள் இருந்தன. தொட்டு நாக்கில் வைத்தேன், இனித்தது. அன்று மாமாவின் கையிலும் சர்க்கரை இருந்தது, அத்தையின் கையிலும் இருந்தது. அத்தைக்கு மூட்டு வலி. இரும்பு ஏணியில் ஏறி நான் பார்த்ததில்லை. ஆனால் நான் அப்போது பாரிமுனையில் இருந்தேன். பதிவுகள் சிறியவையாகத் தெரிந்தன. மாமாவின் கை பெரியது. தார்ப்பாய் சுருங்கியிருந்ததால் அளவை வைத்தும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மாமாவிடம் ஒருமுறை கேட்டேன், காற்று என்றார். இந்த ஈஸ்டர் கழிந்து அத்தையிடம் கேட்டேன். கிரீம் பையை முறுக்கிக்கொண்டே, “காத்துன்னு அவரே சொல்லிட்டாரே, நீ இன்னாத்துக்குத் தோண்டிகினு கீற? கதவ சாத்து, குளிரு வெளிய போவுது” என்றார்.

ஏணியில் ஏறியவர் அவரா, இவரா, இல்லை ஒருவர் ஏற மற்றவர் ஏணியைப் பிடித்துக்கொண்டாரா என்பது உறுதி செய்யப்படவில்லை.